யோனெக்ஸ் பேட்: பெயரை விடுங்கள், கோனில் உள்ள எழுத்தைப் படியுங்கள்

யோனெக்ஸின் பேட்மின்டன் பேட்கள் நான்கு: ஆஸ்ட்ராக்ஸ் 88டி ப்ளே, 88டி கேம், 88டி டூர், 88டி ப்ரோ. நான்குக்கும் ஒரே பெயர். பெயின்ட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுதான். விலையில் மட்டும் முதலாவதற்கும் கடைசியானதற்கும் நாலைந்து மடங்கு இடைவெளி. யோனெக்ஸ் மேல் வைக்க வேண்டிய முதல் குறை இதுதான். டிவியில் பார்த்த ஆட்டக்காரரின் பேட் பெயரைக் கடையில் சொன்னால், அதே பெயரில் வேறொரு பேட் கைக்கு வந்துவிடும். ப்ளேயும் ப்ரோவும் அண்ணன் தம்பி கிடையாது. ஒரே இனிஷியல் போட்டுக்கொண்ட இருவர், அவ்வளவுதான். கிராஃபைட் வேறு, தண்டின் விறைப்பு வேறு, செய்யப்படும் நாடும் பெரும்பாலும் வேறு. மேல்தட்டு பேட்கள் ஜப்பானில் தயாராகின்றன. நடுத்தட்டுக்குத் தைவான், அதற்குக் கீழே சீனா. 2016 முதல் பெங்களூரு தொழிற்சாலையிலும் தொடக்கநிலை பேட்கள் செய்கிறார்கள்.

தரம் என்று பார்த்தால் பெரிதாகக் குறை சொல்ல இடமில்லை. 1946-ல் ஜப்பானின் நீகாதா மாகாணத்தில் மினோரு யோனெயாமா தொழில் தொடங்கியபோது செய்தது மீன்வலைக்கான மர மிதவைகள். பிளாஸ்டிக் மிதவை வந்து அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது. மரவேலை பழகிய பட்டறை 1957-ல் பேட்மின்டன் பேட் பக்கம் திரும்பியது. முதலில் பிற பிராண்டுகளுக்கு, 1961 முதல் சொந்தப் பெயரில். 1969-ல் அலுமினிய பேட். 1992-ல் ஐசோமெட்ரிக் 500. இன்று எல்லாக் கம்பெனி பேட்டிலும் தலையின் மேற்பகுதி கொஞ்சம் சதுரமாகத் தட்டினாற்போல் இருக்கிறதே, அந்த வடிவத்தைப் பரவலாக்கியது அதுதான். தலையில் பின்னியிருக்கும் நரம்பைத்தான் கட்டு என்கிறோம். முட்டை வடிவத் தலையில் நடுக்கட்டு நீளமாகவும் ஓரக்கட்டு குட்டையாகவும் இருக்கும். சதுரமாக்கினால் ஓரக்கட்டும் நீளும், கட்டுகளின் நீளம் ஒன்றுக்கொன்று நெருங்கும். காக் (இறகுப்பந்து) நடுவில் படாமல் சற்றுத் தள்ளிப் பட்டாலும் அடி செத்துப்போகாது.

இனி எழுத்துகள். கைப்பிடி முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிதான் கோன். அதில் 4யு, ஜி5 என்றும், 20-28 எல்பிஎஸ் (பவுண்ட்) என்றும் பொடி எழுத்தில் இருக்கும். வாங்குகிறவர்களில் பலர் இதைப் படிப்பதே இல்லை.

யு என்பது எடை. கட்டும் கிரிப்பும் சேராத வெறும் பேட்டின் எடை. 3யு என்றால் சராசரி 88 கிராம், 4யு 83, 5யு 78. எஃப் என்று போட்டிருந்தால் 73. எண் ஏற எடை இறங்கும். இரட்டையர் ஆட்டத்துக்கு இன்று அநேகமாக எல்லோருக்கும் 4யு பொருந்தும். 3யு கையில் எடுத்ததும் ஸ்மாஷ் கனமாகப் போவது உண்மை. ஆனால் மூன்றாவது கேமில் டிஃபென்ஸுக்கு பேட்டைத் தூக்கும்போது அந்த 5 கிராம் 50 கிராமாகத் தெரியும். 5யு வேகமாகச் சுழலும். பின்கோட்டிலிருந்து எதிர்ப் பின்கோடு வரை டாஸ் போட மணிக்கட்டில் கூடுதல் வேலை வாங்கும்.

ஜி என்பது கைப்பிடியின் பருமன். இங்கேயும் தலைகீழ்க் கணக்குதான்: ஜி4 தடிமன், ஜி5 அதைவிட மெல்லிசு, ஜி6 இன்னும் மெல்லிசு. ஜி5 என்றால் சுற்றளவு மூன்றேகால் அங்குலம். நம் கடைகளில் பெரும்பாலும் ஜி5தான் வரும். மேலே ஓவர்கிரிப் ஒன்று சுற்றினால் பெரும்பாலான கைகளுக்குச் சரியாக இருக்கும். விரல்கள் சுற்றி வந்து உள்ளங்கையில் குத்தாமலும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருக்கும்படியும் பிடி அமைந்தால் போதும். பிடி தடித்துவிட்டால் பேக் ஹேண்டுக்குக் கட்டை விரலைத் திருப்புவது தாமதமாகும். இதைப் பயிற்சிக் குறை என்று நினைத்து மாதக்கணக்கில் போராடுகிறவர்கள் உண்டு.

தலைக் கனம் கோனில் இருக்காது. வரிசையின் பெயரில் இருக்கும். ஆஸ்ட்ராக்ஸ் தலைக்கனம், நேனோஃப்ளேர் தலைலேசு, ஆர்க்சேபர் இரண்டுக்கும் நடு. ஆஸ்ட்ராக்ஸ் வரிசை 2017-ல் ஆஸ்ட்ராக்ஸ் 77-உடன் வந்தது. தலையின் உச்சி, தலையும் தண்டும் சேரும் டி-ஜாயின்ட், கைப்பிடியின் அடி என்று எடையை மூன்று இடமாகப் பிரித்து வைத்திருப்பதால், அடித்த பிறகு தலை கீழே இழுத்துக்கொண்டு போவது பழைய தலைக்கன பேட்களைவிடக் குறைவு. நேனோஃப்ளேர் 2019-ல் வந்தது. தலை லேசான பேட்டில் ஸ்மாஷ் எடுபடாது என்ற பேச்சுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் யோனெக்ஸின் சோக்கா தொழிற்சாலை உள்ளரங்கில் இந்திய இரட்டையர் ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த மணிக்கு 565 கிலோமீட்டர் வேக ஸ்மாஷ் நேனோஃப்ளேர் 1000இசட் பேட்டில் வந்தது. அதற்காக அந்த பேட்டை வாங்க ஓட வேண்டாம். அதன் தண்டு எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். அந்த வேகத்தில் தோளையும் மணிக்கட்டையும் சுழற்றினால்தான் வளைந்து திரும்பும். மெதுவான கைக்கு அது வெறும் கம்பி.

விறைப்பு பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். ஆஸ்ட்ராக்ஸ் 100இசட்இசட், நேனோஃப்ளேர் 1000இசட் இரண்டும் எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். ஆஸ்ட்ராக்ஸ் 77, நேனோஃப்ளேர் 700 மீடியம். விறைத்த தண்டு காக்கின் திசையைத் துல்லியமாக்கும், ஆனால் வேகத்தை ஆட்டக்காரரே கொடுக்க வேண்டும். மீடியம் தண்டு பின்னால் வளைந்து முன்னால் உதறும். அந்த உதறலில் பாதி வேலை பேட் செய்துவிடும். சோதனை எளிது. நண்பரின் பேட்டை வாங்கி, பின்கோட்டிலிருந்து கிளியர் பத்து அடியுங்கள். முழு முயற்சி இல்லாமலே ஏழெட்டு எதிர்ப் பின்கோட்டு ஓரத்தில் விழுந்தால் அந்த விறைப்பு உங்களுக்குத் தாங்கும். காக் பாதிக்கோர்ட்டைத் தாண்டியதும் சரிந்து, மறுநாள் முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் ஒரு படி இறங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் காலையில் ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு, பதினைந்தாயிரத்தைத் தாண்டிய 100இசட்இசட்டைவிட அதன் பாதிக்கும் குறைவான விலையில் ஒரு மீடியம் தண்டு பேட் அதிக பாயின்ட் எடுத்துத் தரும்.

தலைக் கனத்தைக் கடைக்குப் போகாமலே கொஞ்சம் மாற்றலாம். ஓவர்கிரிப் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். அந்த எடை முழுவதும் கைப்பிடிப் பக்கம் சேர்வதால் தலை லேசாகத் தெரியும். ஆஸ்ட்ராக்ஸை வாங்கி, ஏற்கெனவே உள்ள கிரிப்பின் மேல் இரண்டு ஓவர்கிரிப் சுற்றிவிட்டு 'இதில் பஞ்ச் இல்லையே' என்பவர்கள், தாங்களே பேட்டை ஆர்க்சேபராக மாற்றிவிட்டதைக் கவனிப்பதில்லை. மாறாக, தலைக்கனம் அதிகம் என்று தோன்றினால் விற்றுவிட்டு வேறு வாங்குமுன் ஒரு ஓவர்கிரிப் சுற்றிப் பாருங்கள்.

பேட்டைவிட அதிகம் பேச வேண்டியது கட்டிங், அதாவது கட்டு பின்னும் வேலை. யோனெக்ஸின் விலை உயர்ந்த பேட்கள் கட்டு இல்லாமல்தான் வரும். விலை குறைந்தவற்றில் தொழிற்சாலைக் கட்டு தொளதொளவென்று இருக்கும். அந்தக் கட்டோடு ஆடிப் பார்த்து பேட்டுக்கு மார்க் போடுவது நியாயமில்லை.

எந்தக் கட்டு? பிஜி65 0.70 மில்லிமீட்டர், தடிமன், சீக்கிரம் அறாது. காக்கைத் தட்டியதும் சத்தம் மந்தமாக இருக்கும், துள்ளலும் சுமார்தான். பயிற்சிக்கும், கையைக் காட்டிலும் பையைப் பார்க்க வேண்டியவர்களுக்கும் இதுவே சரி. பிஜி80 0.68, விறைப்பான தொடுகை. ஸ்மாஷ் ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கும், கை வலி உள்ளவர்களுக்குப் பிடிக்காது. பிஜி66 அல்டிமேக்ஸ் 0.65, நல்ல துள்ளல், 'டிங்' என்ற சத்தம். எக்ஸ்போல்ட் 63 இன்னும் மெல்லிசு. ஏரோபைட் கலப்புக் கட்டு: மேலிருந்து கீழாகப் போகும் நெட்டுக்கட்டுக்கு 0.67, குறுக்குக்கட்டுக்கு 0.61, வலையருகே காக்கைச் சீவும் டிராப்புக்கு இதைப் போல் எதுவும் பிடிக்காது. ஆனால் நடுவில் அடிக்காமல் ஃப்ரேம் ஓரத்தில் ஒரு முறை தப்பாகப் பட்டால் போதும், 0.61 படக்கென்று அறும். மிஸ் ஹிட் அதிகமுள்ளவர் மெல்லிசுக் கட்டு போடுவது காசைக் காற்றில் விடுவதுதான்.

டென்ஷன், அதாவது கட்டின் இறுக்கம், எவ்வளவு என்று கேட்டால் கூச்சமில்லாமல் குறைத்தே சொல்லுங்கள். புதிதாக ஆடுகிறவருக்கு 20 முதல் 22 பவுண்ட், ஓரளவு அடி கைவந்தவருக்கு 23 முதல் 25. 26-க்கு மேல் போக வேண்டுமானால் நடுவில் அடிக்கும் பழக்கம் இருக்க வேண்டும். டென்ஷன் ஏற ஏற வேகம் கூடும் என்பது தவறு. கட்டு இறுக இறுகத் துள்ளல் குறையும், நன்றாக அடிபடும் இடமும் சுருங்கும். கூடுவது துல்லியம் மட்டும். கோனில் 28 என்று போட்டிருந்தால் அது இலக்கு இல்லை, எல்லை. அதற்கு மேல் இழுத்து ஃப்ரேம் போனால் வாரண்டி பேச முடியாது.

கட்டிங் போடும் இடத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில. மெஷின் ஃப்ரேமை ஆறு இடத்தில் பிடித்தால் நல்லது. மேலும் கீழும் இரண்டே இடத்தில் பிடிக்கும் மெஷினில் 24-க்கு மேல் இழுப்பது ரிஸ்க். கையால் சுழற்றி இழுக்கும் மெஷின், குறித்த பவுண்ட் வந்ததும் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு கட்டு நெகிழ்வதை அது ஈடுசெய்யாது. எலக்ட்ரானிக் மெஷின் தொடர்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டிலும் 25 என்று வைத்தாலும் கையில் கிடைப்பது ஒன்றல்ல; முதலாவதில் ஒன்றிரண்டு பவுண்ட் குறைவாகவே இருக்கும். மெஷினை மாற்றுகிறவர் பவுண்ட் கணக்கையும் மாற்ற வேண்டும்.

வேலை நடுவிலிருந்து தொடங்கும். முதலில் நெட்டுக்கட்டு 22, பிறகு குறுக்குக்கட்டு. நெட்டை இழுக்கும்போது இடம் இரண்டு, வலம் இரண்டு என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஃப்ரேம் கோணும். நெட்டு எல்லாம் இழுத்து முடிந்ததும் தலை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் குட்டையாகி, பக்கவாட்டில் உப்பியிருக்கும். அதைத் திரும்ப வடிவத்துக்கு இழுப்பது குறுக்குக்கட்டு. ஆகவேதான் குறுக்கை ஒன்று அல்லது இரண்டு பவுண்ட் கூட்டிப் போடுவார்கள். 24-க்கு நெட்டு என்றால் 25 அல்லது 26-க்குக் குறுக்கு. இரண்டையும் ஒரே அளவில் போட்டுத் தரும் கடைகள் நிறைய. முடிந்ததும் அதே மாடல் பேட் ஒன்றை மேலே வைத்துப் பாருங்கள். இரண்டு தலையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் வேலை சரி. ஒன்று அகலமாகத் தெரிந்தால் அந்த ஃப்ரேம் உள்ளுக்குள் திணறிக்கொண்டிருக்கிறது.

குரோமெட் என்னும் துளைக்குழாய்களையும் பார்த்துவிடுங்கள். பிளந்த குரோமெட்டில் புதுக் கட்டு போட்டால், கட்டு நேரே கிராஃபைட்டில் உரசி இரண்டே வாரத்தில் துளையருகே அறும். கட்டு மேல் பழி போகும். மாற்றச் சில ரூபாய்தான் ஆகும், நாமே கேட்டால்தான் மாற்றுவார்கள்.

ரீல் பற்றி ஒரு வார்த்தை. பாக்கெட்டில் 10 மீட்டர், ஒரு பேட்டுக்குச் சரியாக வரும். கடையில் தொங்கும் 200 மீட்டர் ரீலில் இருந்து போட்டால் கொஞ்சம் மலிவு. ஆனால் ரீலில் போலி வருவது சகஜம். கட்டிலேயே பெயர் அச்சிட்டிருக்கும். போட்டு முடித்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள்.

கட்டு அறுந்தால் உடனே, கோர்ட்டிலேயே, மீதிக் கட்டையும் கத்தரித்துவிட வேண்டும். ஒன்று அறுந்ததும் ஃப்ரேமின் ஒரு பக்கம் இழுவை இழந்து மறுபக்கம் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். அப்படியே பையில் வைத்து வண்டியில் வெயிலில் விட்டால் கிராஃபைட் நிரந்தரமாகக் கோணலாம். நடுவில் நெட்டும் குறுக்குமாக நாலைந்து கட்டை வெட்டி, பிறகு வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். அறாவிட்டாலும், கட்டு முதல் சில நாளிலேயே ஒன்றிரண்டு பவுண்ட் இறங்கும், பிறகு மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். வாரம் மூன்று நாள் ஆடுகிறவர் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் நல்லது.

காக் வாங்கும்போதும் எழுத்தைப் படிக்க வேண்டும். நைலானில் மேவிஸ் 350 நம் ஊர் கோர்ட்டுகளின் நிரந்தரக் குடி. மூடியின் கீழ் பச்சைப் பட்டை இருந்தால் மெதுவேகம், நீலம் நடுவேகம், சிவப்பு வேகம். வெயில் ஏற ஏறக் காற்று லேசாகும், காக் தூரம் போகும். ஆகவே சென்னை, மதுரை கோடைக்குப் பச்சைதான் பொருத்தம். கடைக்காரர் இருப்பதைத் தள்ளிவிடுவார், பட்டையைப் பார்த்து வாங்குங்கள். இறகுக் காக்கில், ஏரோசென்ஸா டப்பா மூடியில் எண் இருக்கும். 1 மெதுவானது, 5 வேகமானது. 27 முதல் 33 டிகிரி வெப்பத்துக்கு 2, அதற்கும் மேல் 1, குளிர்சாதன அரங்கில் 3. அதே டப்பாவைக் கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போனால், குளிராக இருந்தாலும் உயரத்தில் காற்று லேசு என்பதால் காக் கூடுதல் தூரம் போகும்.

சரியான வேகமா என்று பார்க்க விதிப்புத்தகத்தின் சோதனையே போதும். பின்கோட்டுக்கு மேல் நின்று, கீழிருந்து மேலாக, பக்கக்கோட்டுக்கு இணையாக முழு வேகத்தில் ஓர் அடி. எதிர்ப் பின்கோட்டுக்கு 530 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 990-க்கு மேல் போகாமலும் முன்னால் விழுந்தால் காக் சரி. இறகுக் காக்கில் 16 இறகு, எல்லாம் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவை. அதனால்தான் பறக்கும்போது ஒரே திசையில் சுழல்கிறது. உலர்ந்த இறகு பட்பட்டென்று உடையும். குளிரூட்டிய அறையில் டப்பாவை வைத்திருந்தால், முந்தின இரவு இரு பக்க மூடியையும் திறந்து, இறகுப் பக்கம் கொதிநீர் ஆவியை ஐந்தாறு விநாடி காட்டி மூடி வைக்கலாம். கார்க்கில் ஆவி படக் கூடாது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்த வேலையே வேண்டாம். காற்றில் இருக்கும் ஈரமே போதும்.

ஓவர்கிரிப்பில் சூப்பர் கிராப், மூன்று ஒரு பாக்கெட். 0.6 மில்லிமீட்டர், முதல் நாள் பிசுபிசுப்பு அருமை. வியர்வை கொட்டும் கைக்கு அந்தப் பிசுபிசுப்பு ஒரு வாரம் தாங்கினால் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குத் துண்டு போன்ற டவல் கிரிப்பே மேல்; தடிமன் கூடும், அதனால் பழைய கிரிப்பைக் கழற்றிவிட்டு மரக்கட்டையின் மேல் நேரடியாகச் சுற்ற வேண்டும்.

ஷூவில் 65இசட் பெயர் கெடாமல் வருகிறது. 7 மீட்டர் உயரத்திலிருந்து போட்ட பச்சை முட்டை உடையாமல் 4 மீட்டர் துள்ளும் என்று பவர் குஷனுக்கு விளம்பரம் செய்கிறார்கள். முட்டை எப்படியோ, குதித்து இறங்கும் குதிகாலுக்கு வித்தியாசம் தெரியும். பாதம் அகன்றவர்கள் வைட் என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் அடி உள்ளரங்குக்கு மட்டுந்தான். வீட்டிலிருந்து அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டிப் போனால், ரோட்டுத் தூசி ஒட்டி, முதல் முறை காலை நீட்டிப் பாயும்போதே வழுக்கும்.

டென்னிஸ்காரர்களுக்கு ஈஸோன், விகோர், பெர்செப்ட் போன்ற வரிசைகள். அங்கும் அதே சதுரத் தலைதான். கிளப் ஆட்டக்காரருக்கு 300 கிராம் ஈஸோன் 100 தாராளமாகப் போதும். 305 கிராம் ஈஸோன் 98 முழு சுவிங் உள்ள கைக்கு.

கடைசியாகப் போலிகள். சந்தையில் போலி யோனெக்ஸ் ஏராளம், பார்க்க நன்றாகவே இருக்கும். கோனில் உள்ள எழுத்தை நகத்தால் தடவுங்கள். அசலில் லேசரில் செதுக்கியது போல் உள்ளே இறங்கியிருக்கும், போலியில் மேலே ஒட்டியது போல் வழுக்கும். தண்டிலும் தொடர் எண் இருக்கும். இந்தியாவில் விநியோகிப்பது சன்ரைஸ். அவர்களின் ஹாலோகிராம் ஸ்டிக்கர் இருந்தால்தான் இங்கே வாரண்டி. எண்ணின் கடைசியில் ஜேபி என்றோ எஸ்பி என்றோ இருந்தால் பயப்பட வேண்டாம், கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம். அது ஜப்பானில் விற்க, சிங்கப்பூரில் விற்க என்ற குறி மட்டும். எங்கே செய்தது என்பதைச் சொல்லாது. 'ஜேபி கோட் சார், பவர் அதிகம்' என்று ஆயிரம் இரண்டாயிரம் ஏற்றிச் சொல்கிறவரிடம், அதே மாடலில் எஸ்பி கோட் பேட் இருந்தால் எடுத்துத் தராசில் வைக்கச் சொல்லுங்கள்.